கிளைப் பாதுகாப்பு விதிகளை முனையத்திலிருந்தே மாற்றுவது குறித்து உதவி தேவை

வணக்கம். ஓசூரில் இயங்கும் எங்கள் சிறு மென்பொருள் குழுவின் கிட்ஹப் களஞ்சியங்கள் (நிரல் திட்டங்களைச் சேமித்து வைக்கும் இடங்கள்) அனைத்திற்கும், வலைப்பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சொடுக்காமல், கட்டளை வரியிலிருந்தே ஒரே சீரான அமைப்புகளை இட விரும்புகிறேன். ஒரு கிளை (நிரலின் தனிப் பிரதி) மெயின் கிளையுடன் இணைக்கப்பட்டதும் தானாக நீங்குவதையும் விக்கியை அணைப்பதையும், கிட்ஹப்பின் கட்டளை வரிக் கருவியான 'ஜிஎச்'-இன் 'ஜிஎச் ரெப்போ எடிட்' கட்டளையை ஷெல் சுழற்சியில் ஓட்டி முடித்துவிட்டேன். (அந்தச் சுழற்சிக்குக் களஞ்சியப் பட்டியலைத் தரும் 'ரெப்போ லிஸ்ட்' இயல்பாக 30 களஞ்சியங்களையே காட்டும், லிமிட்டை உயர்த்தாவிட்டால் மீதி விடுபட்டுப்போகும்.)

சிக்கல் மெயின் கிளையின் பாதுகாப்பு விதியில்தான், அதாவது அந்த முதன்மைக் கிளையில் மாற்றங்களைச் சேர்ப்பதற்கான நிபந்தனைகளில்தான் உள்ளது. அதற்கான தெரிவு 'ரெப்போ எடிட்' கட்டளையில் இல்லாததால், கிட்ஹப்பிற்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்பும் 'ஜிஎச் ஏபிஐ' வழியாக ஜேசன் கோப்பொன்றை 'புட்' கோரிக்கையாக அனுப்ப வேண்டியுள்ளது. அதுவோ பழைய விதிகளை முழுவதுமாக மாற்றி எழுதிவிடுகிறது. களஞ்சியத்துக்குக் களஞ்சியம் வேறுபடும் கட்டாயச் சோதனைகளை (இணைக்கும் முன் வெற்றி பெற வேண்டிய தானியங்கிச் சோதனைகள்) அப்படியே விட்டுவிட்டு, மதிப்பாய்வு விதியை (இணைக்கும் முன் வேறொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்பது) மட்டும் சேர்க்கும் ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் இருந்தால் வழிமுறையைப் பகிருமாறு வேண்டுகிறேன். இதற்கு, கிளை விதிகளைத் தொகுப்பாக வரையறுக்கும் கிட்ஹப்பின் ரூல்செட் முறையே பொருத்தமானது என்று கருதுபவர்கள் காரணத்தையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.