இ-ரீடரில் கீச்சென்ற சத்தம், எதனால்?

கேள்வி: என் இ-ரீடரில் (மின்நூல் படிக்கும் கருவி) திரைக்கு வெளிச்சம் தரும் முன்விளக்கைக் குறைத்தால் மெலிதாக, ஆனால் கூர்மையாக ‘கீய்ய்ய்’ என்கிறது. ஸ்பீக்கரே இல்லாத ரீடர். பேட்டரிக்கு ஆபத்தா?

பதில் 1: இல்லை. முன்விளக்கின் எல்.இ.டி.க்கு மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றில் ஒரு கம்பிச் சுருளும் செராமிக் கெப்பாசிட்டர்களும் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் சிறு பாகங்கள்) இருக்கும். வழக்கமாக அது நொடிக்குப் பல லட்சம் முறை சுவிட்ச் ஆகும், காதுக்கு எட்டாது. வெளிச்சத்தைக் குறைத்தால் விட்டுவிட்டு இயங்கும். அந்தத் துடிப்பு 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது காது கேட்கும் எல்லைக்குள் இறங்கினால் சுருளோ கெப்பாசிட்டரோ அதிர்ந்து, சர்க்யூட் போர்டையே ஒலிக்க வைத்துவிடும்.

பதில் 2: விளக்கை முழுதாக அணைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் இதுதான் காரணம். இரண்டு மூன்று படி கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். பக்கம் புரட்டும்போது மட்டும் கேட்டால், அது திரைக்கு ±15 வோல்ட் தரும் சுற்று. இயல்புதான், விட்டுவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டும் என்றால் வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள்.

பதில் 3: வாரண்டி இருந்தால் தயவுசெய்து திறக்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரே மாடலிலும் சத்தம் கருவிக்குக் கருவி வேறுபடும். வாரண்டி முடிந்திருந்தால், பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, சுருளின் ஓரத்தில் நியூட்ரல் சிலிகோன் பசை (அமில வாடை இல்லாத வகை) ஒரு பொட்டு வையுங்கள். 24 மணி நேரம் காயட்டும். வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், செம்பை அரிக்கும். கெப்பாசிட்டர் சத்தத்துக்கு இது அவ்வளவாக உதவாது.