ஊட்டி ஏரிய சிலிகா மாதிரி காப்பாத்த முடியுமா?

லவ்டேல் டிரைவர்:
வணக்கம் எல்லாருக்கும். 14 வருஷமா ஊட்டில டூரிஸ்ட் வண்டி ஓட்டறேன். போன ஜனவரில மச்சான் வேலை பாக்கற புவனேஸ்வருக்கு போயிருந்தப்ப ஒடிசா கடலோரம் இருக்கற சிலிகா ஏரிக்கு கூட்டிட்டு போனான், கடலோட சேர்ற உப்புத்தண்ணி காயல் அது, அங்க மங்கலஜோடின்னு ஒரு கிராமம், மோட்டார் இல்லாத நாட்டுப்படகு, கழிய ஊனி தள்றாங்க, பறவைங்க பத்தடி தூரத்துல அசையாம நிக்குது. எங்கள கூட்டிட்டு போனவரே முன்னாடி அந்த பறவைகள சுட்டு வித்தவராம், இப்ப அவர்தான் காவல், அவர்தான் கைடு. அந்த ஏரியும் ஒரு காலத்துல நாசமா போயி கெட்டுப்போன ஏரிங்க லிஸ்ட்ல இருந்துச்சுன்னு அவரே சொன்னாரு.

இங்க திரும்பி வந்து முதல் சவாரியே படகு இல்லம். மழை ஒண்ணு பெஞ்சிருந்துச்சு, கால்வாய் விழுற பக்கம் ஒரே நாத்தம். பார்ட்டி கேட்டா "மழைத்தண்ணி கலங்கி வருது சார்"னு சொல்லுவேன், ரொம்ப நாளா இந்த பொய்ய சொல்லிட்டுதான் இருக்கேன், அன்னிக்கு வாய் வரல. சிலிகால என்னதான் பண்ணாங்க, அத இங்க பண்ண முடியாதா? நல்ல பேர் வந்தா காசு வரும், அந்த காச வச்சே சுத்தம் பண்ணிக்கலாம்னு எங்க ஸ்டேண்ட்ல பேசிக்கறாங்க, அது சரியா?

பழவேற்காட்டு பொண்ணு:
தம்பி, நான் பொறந்தது பழவேற்காடு, கல்யாணம் ஆகி கோத்தகிரி வந்து 22 வருஷம் ஆச்சு. காயலுக்கு உயிரே முகத்துவாரம்தான், அதாவது கடலோட சேர்ற வாய். கடல் தண்ணி உள்ள வரணும், ஆத்துத்தண்ணி வெளிய போகணும், மணல் சேந்து வாய் அடைச்சிடுச்சுன்னா உப்பு குறையும், களை மண்டும், மீன் இருக்காது, எங்க ஊர்லயும் முகத்துவாரம் தூந்து போனா எங்க அப்பா சும்மா கரையில உக்காந்திருப்பாரு, வீட்ல அடுப்பு எரியறதே கஷ்டம். சிலிகாலயும் அதேதான் நடந்துச்சு. 1981லயே ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம் கிடைச்ச ஏரி, 1993ல அப்படிப்பட்ட இடங்கள்ல ஆபத்துல இருக்கறதோட மாண்ட்ரூ பட்டியல்ல சேத்துட்டாங்க, அப்புறம் 2000 செப்டம்பர்ல கடலுக்கு புதுசா வாய் வெட்டினாங்க, உப்பு திரும்புச்சு, மீனும் திரும்புச்சு. 2002ல பட்டியல்ல இருந்து எடுத்தாங்க, ஆசியால அப்படி வெளிய வந்த முதல் இடம் அதுதான்.

ஆனா ஊட்டி ஏரிக்கு கடல் வாய் எங்கப்பா இருக்கு? உங்க ஏரிக்கு வாய்னா அது அந்த கால்வாய்தான். அங்க வாய் அடைச்சது வியாதி, இங்க வாய் வழியா வர்றது வியாதி. அதனால அவங்க பண்ணத அப்படியே பண்ண முடியாது, ஆனா அவங்க ஆரம்பிச்ச மாதிரி தண்ணி வர்ற வழியில இருந்து ஆரம்பிக்கலாம்.

காந்தல் பிளம்பர்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஊட்டில பைப் வேலை பாக்கறவன். ஏரில விழுற அந்த கோடப்பமந்து கால்வாய்ல வர்றது மழைத்தண்ணி மட்டும் இல்ல தம்பி. பாதாள சாக்கடை இருக்கு, காந்தல்ல சுத்திகரிப்பு நிலையமும் இருக்கு, ஆனா மேட்டுல புதுசா வர்ற ஒவ்வொரு காட்டேஜும் அந்த லைன்ல சேருதான்னா இல்ல, செப்டிக் டேங்க் நிரம்பி வழியறத ஓடையில விட்டுட்டு போறாங்க, மலைங்கறதால மோட்டாரே வேணாம், ராத்திரில திறந்து விட்டா காலைல ஏரில இருக்கும். என்னையே ஒரு லாட்ஜ்ல அப்படி பைப் போட சொன்னாங்க, மாட்டேன்னு வந்துட்டேன், வேற ஆள் போட்டாச்சு. ஏரிக்குள்ள எத்தன தடவ தூர் வாரினாலும் இந்த பைப்புங்கள ஒண்ணொண்ணா தேடி அடைக்காம ஒண்ணும் ஆகாது.

படகு இல்லம் பக்கத்து கடை:
எல்லாரும் பேசறீங்க, தூர் வார ஏரிய மூடினா ரெண்டு சீசனும் போச்சு, குதிர வச்சிருக்கவங்க, வறுகடல விக்கறவங்க எல்லாம் எங்க போறது? 2024 மே மாசம் ஊட்டிக்கு வர்ற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தப்பவே என் வியாபாரம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குதான் தெரியும்.

அருவங்காடு டீச்சர்:
கடைக்காரண்ணா கவலை நியாயமானது, அதனாலதான் எத முதல்ல செய்யறதுங்கறது முக்கியம். சாக்கடைல வர்ற பாஸ்பரஸ் பாசிக்கும் களைக்கும் உரம் மாதிரி, அது அடி சேத்துல போய் தங்கிடும். நாளைக்கே கால்வாய சுத்தமாக்கினாலும் அந்த சேறு வருஷக்கணக்கா பாஸ்பரஸ திரும்ப தண்ணில விட்டுட்டே இருக்கும், பாசியும் ஆகாயத்தாமரையும் வந்துட்டே இருக்கும். அதனால தூர் வாரறது வேணும், ஆனா கால்வாய அடைச்ச பிறகுதான், இல்லனா வாரின குழியில புது சேறு வந்து உக்காந்துக்கும், கோடி கோடியா போன காசு அவ்வளவுதான். கால்வாய் வேலைக்கு ஏரிய ஒரு நாள் கூட மூட வேண்டாம் அண்ணா, கடைசில தூர் வாரும்போது பகுதி பகுதியா வாரிக்கலாம்.

இன்னொண்ணு. 1823ல வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் வெட்ட ஆரம்பிச்ச ஏரி இப்ப இருக்கறத விட ரொம்ப பெருசு, பஸ் ஸ்டேண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்கற இடமெல்லாம் தண்ணி. இப்ப மிச்சம் 65 ஏக்கர். சிலிகா சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர், அவ்வளவு பெரிய இடமே முகத்துவாரம் ஒண்ணு கெட்டதுக்கு திணறிடுச்சு, இந்த சின்ன ஏரி ஒரு டவுனோட கழிவ எத்தன நாள் தாங்கும்? டூரிசம் காச வச்சு சுத்தம் பண்ணலாம்ங்கறத என்னால ஒத்துக்க முடியல. கூட்டம் வந்தா காட்டேஜ் கூடும், காட்டேஜ் கூடினா கால்வாய்ல கழிவு கூடும்.

பழவேற்காட்டு பொண்ணு:
டீச்சர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். எங்க ஊர்ல பாடுன்னு ஒரு முறை உண்டு, எந்த எடத்துல யார் எந்த நாள் வலை போடறதுன்னு சீட்டு குலுக்கி எடுப்பாங்க, எல்லாருக்கும் முறை வரும், ஒருத்தரே அள்ளிட்டு போக முடியாது. ஏரி சுத்தமாகி கைடு, நாட்டுப்படகு, பறவை பாக்கறதுன்னு வந்தா காந்தல், பிங்கர்போஸ்ட் பசங்களுக்கு பாடு மாதிரி முறை வச்சு விடுங்க. மங்கலஜோடில வேட்டைக்காரன் காவல்காரனா மாறினது அந்த வருமானம் அவன் வீட்டுக்கு போனதாலதான். இங்க கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு 2024ல ராம்சார் அந்தஸ்து வந்துச்சு, 116 ஹெக்டேர்தான், அத சுத்தி இருக்கற ஊர்க்காரங்க பல வருஷமா கண்ண மாதிரி பாத்துக்கிட்டதுல எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

லவ்டேல் டிரைவர்:
எல்லாருக்கும் நன்றி. ஸ்டேண்ட்ல இத அப்படியே படிச்சு காட்டினேன், ஆறு பேர் வரேன்னு சொல்லிட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கு சவாரிக்கு முன்னாடி கால்வாய மேல இருந்து ஏரி வரைக்கும் நடந்து, எங்கெங்க பைப் விழுதுன்னு ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து எடத்தோட குறிச்சு நகராட்சில மனுவா குடுக்கலாம்னு இருக்கோம். காந்தல் அண்ணா, எது மழைநீர் பைப், எது செப்டிக் பைப்னு எங்களுக்கு பாத்தா தெரியாது, நீங்க வந்தாதான் ஆகும். கடைக்காரண்ணா, நீங்களும் வாங்க, மனுல உங்க கையெழுத்து இருந்தா வெயிட்டா இருக்கும். கெட்டியான பூட்ஸ் போட்டுட்டு வாங்க எல்லாரும், கீழ்ப்பகுதி பூரா கண்ணாடி பாட்டில்.

காந்தல் பிளம்பர்:
வரேன் தம்பி. டார்ச்சும் கொண்டு வரேன், பாலத்துக்கு அடியில ரெண்டு பைப் இருக்கு, வெளிச்சம் இல்லாம தெரியாது.