ஒட்டாத மாடல் பெட்டிகளுக்கு என்ன விலை தேறும்?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து:
மாமா போன பிறகு அத்தை ஒரு அறை நிறைய பிளாஸ்டிக் விமானப் பெட்டிகளைக் காட்டி, "இதெல்லாம் என்ன தேறும், பார்த்துச் சொல்லுப்பா" என்றார். அவர் மகன் ஏற்கெனவே ஈபேயில் பார்த்துவிட்டு பெரிய கனவில் இருந்தான். கேட்கிற விலையை யார் வேண்டுமானாலும் போடலாம், விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும். பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது. பவுண்டில் விற்றதை அப்படியே ரேண்டாக்குவதும் சரிப்படாது. தபால் செலவும் சுங்கமும் மிச்சம் என்பதால் டர்பனிலேயே இருக்கும் பெட்டிக்குச் சற்றுக் கூடக் கொடுப்பார்கள்தான், ஆனால் இங்கே வாங்குகிற ஆட்கள் குறைவு.

பழசு என்றாலே விலை என்பது பெரிய மாயை. ஸ்கேல்மேட்ஸ் என்ற மாடல் தகவல் தளத்தில் எந்த அச்சு (பாகங்களை வார்க்கும் வார்ப்பு) எந்தப் பெட்டியில் எப்போது திரும்ப வந்தது என்று வரிசையாக இருக்கிறது. மேட்ச்பாக்ஸ் நிறுவனத்தின் அச்சுகள் பல பிற்பாடு ரெவெல் நிறுவனத்தின் பெட்டியில் வந்தவை, அதனால் பழசெல்லாம் அரிது என்று ஆகாது. நம் தென்னாப்பிரிக்க விமானப்படை ஓட்டிய குண்டுவீச்சு விமானம் என்பதால் பக்கனீருக்கு இங்கே எப்போதும் ஒரு மவுசு உண்டு, ஆனால் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1/72 அளவில் (நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு) புது அச்சு போட்டபின் ஒட்டி முடிக்க நினைப்பவர் பழையதை ஏன் வாங்கப்போகிறார்? பெட்டிப் படத்துக்காகச் சேர்க்கிறவர் வந்தால் உண்டு.

மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
அண்ணா, டீக்காலையும் (விமானத்தில் ஒட்டும் சின்னம், எண் படங்கள்) பாருங்க. டர்பன் ஈரக்காற்றில் வைத்திருந்தால் மஞ்சளாகியிருக்கும். சன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் ஓரளவு வெளுக்கும், வெடித்துப்போனதற்கு வழியில்லை. என்னிடம் ஒருவர் "எல்லாம் இருக்கிறது" என்று விற்ற பெட்டியில் விமானி அறைக் கண்ணாடியே இல்லை. அதிலிருந்து ஸ்ப்ரூ (பாகங்கள் கோர்த்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) ஒவ்வொன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லாமல் காசு கொடுப்பதில்லை. தொழிற்சாலை உறை பிரியாததை மட்டும் பிரிக்கச் சொல்லமாட்டேன், அந்த உறைக்கே தனிக் காசு.

ஃபீனிக்ஸிலிருந்து:
மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று அத்தை அவசரப்பட்டால் தடுங்கள். மொத்தமாக வாங்குகிறவர் நல்ல நாலைந்துக்கு மட்டும் கணக்குப் போட்டு மீதியை இனாமாக அள்ளிக்கொண்டு போவார், என் நண்பர் வீட்டில் அதுதான் நடந்தது. நல்லதைத் தனித்தனியாக விற்றுவிட்டு, சில்லறையை மொத்தமாகத் தள்ளுங்கள். அப்புறம், அந்தக் குவியலில் நம் விமானப்படை ஓட்டிய இம்பாலா ஜெட் இருந்தால் யாரிடமும் சொல்லாதீர்கள், முதலில் எனக்கு விலை சொல்லுங்கள்.