கொள்முதல் நிலையத்துச் சதுரங்கமும் சில பாவ்லாக்களும்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் தை, மாசி மாதங்களில் நடக்கும் சதுரங்கத்தில் ஆட்டத்தைவிட நடிப்பு அதிகம். சம்பா நெல்லைக் குவித்துவிட்டு முறை வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காயவைக்க வேண்டும், பனி இறங்கினால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். மற்ற நேரத்தையெல்லாம் 40 கிலோ மூட்டைகளின் மேல் விரித்த சதுரங்க அட்டை விழுங்கிவிடும்.

அங்கே கொடிகட்டிப் பறப்பவர் ஓய்வுபெற்ற தலையாரி ஒருவர். “ராத்திரி கண்ணே மூடவில்லை தம்பி, இன்றைக்கு என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்காதே” என்றுதான் தொடங்குவார். அரைத் தூக்கத்தில் ஆடுகிறவர்போலக் காயைக் கொண்டுபோய் எதிராளியின் வாயில் வைப்பார். கையை எடுத்த மறுகணம் “ஐயய்யோ!” என்று தொடையில் ஒரு தட்டு. எதிராளி பாய்ந்து வெட்டுவான். நான்கைந்து நகர்த்தலில் அவனுடைய ராஜா மூலையில் மூச்சுத் திணறும்.

ஒரு பருவம் முழுக்க இது பலித்தது. அடுத்த ஆண்டு எல்லோரும் உஷாராகிவிட்டார்கள்: அவர் தொடையில் தட்டினால் அந்தக் காயைத் தொடாதே. மனிதர் தன் முழு வித்தையையும் காட்டியது அப்போதுதான். ஒரு நாள் நிஜமாகவே யானையைக் காவலில்லாமல் விட்டுவிட்டார். அதே “ஐயய்யோ”, அதே தட்டு. எதிரே இருந்த டிராக்டர்காரர் அந்த யானையை உற்று உற்றுப் பார்த்தார். குனிந்து, அட்டை மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தார். கடைசியில், “உங்கள் வேலை என்னிடம் நடக்காது” என்று ஓரத்துச் சிப்பாய் ஒன்றை நகர்த்தினார். தலையாரி யானையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

இது நியாயமா என்று கேட்டால் அவர் பூவனூரைக் கைகாட்டுவார். நீடாமங்கலத்தை அடுத்த அந்த ஊரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ராஜராஜேஸ்வரியை, சிவபெருமான் சித்தர் வேடத்தில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலவரலாறு. “சாமியே வேடம் போட்டுத்தான் உட்கார்ந்தது. நான் தொடையில் தட்டினால் குற்றமா?” என்பார். பதில் சொல்ல முடியாது.

18ஆம் நூற்றாண்டுப் பாரிசிலும் இதே கதைதான். லெகால் என்ற ஆட்டக்காரர் குதிரையைத் தொட்டுவிட்டு, தெரியாமல் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டாராம். தொட்டால் தொட்டதுதான் என்று எதிராளி பிடிவாதம் பிடிக்க, வேண்டாவெறுப்பாக அந்தக் குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டினார். ராணி திறந்து கிடந்தது. எதிராளியின் மந்திரி ராணியை விழுங்கியது. லெகாலின் மந்திரி ஒரு சிப்பாயை வெட்டிச் செக் வைத்தது. ராஜா ஒரு கட்டம் முன்னே வந்தது. இரண்டாவது குதிரை பாய்ந்ததும் ராஜாவுக்குத் தப்ப வழியில்லை, அதாவது மேட்; ஆட்டம் முடிந்தது. ‘லெகால் மேட்’ என்று இன்றும் அதற்குப் பெயர். அவருக்கும் முன்னால், ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ், எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையைப் போடு என்று 1561இல் வெளியான தன் நூலில் எழுதியே வைத்துவிட்டார். காலை ஆட்டத்தில் கிழக்கு பார்த்து யார் உட்காருவது என்று எங்களிடமும் தகராறு வருவதுண்டு.

வேடிக்கை பார்க்கிறவர்கள் செய்யும் பாவ்லாவை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. “அடடே, குதிரையைப் பார்!” என்று ஒருவர் கொளுத்திப்போட்டால், ஆடுகிற இருவருமே குழம்பிப்போவார்கள். எதிராளியை எந்த விதத்திலும் திசைதிருப்பவோ எரிச்சலூட்டவோ கூடாது என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியே இருக்கிறது. ஆனால், சும்மா நிற்கிறவரை மூட்டை மேலிருந்து எந்த விதியைக் காட்டி விரட்டுவது?

வாய் பேசுகிறவர்களிடம்கூடத் தப்பிவிடலாம். பேசாதவர்களிடம்தான் ஆபத்து. என் அக்காள் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பார்க்கிற பக்கத்தில் அடி விழாது. ராஜா பக்கம் கண்ணை ஊன்றிக்கொண்டு, ராணி பக்கம் சிப்பாயைத் தள்ளிக்கொண்டே போவாள். போன மாசியில் என் அண்ணனோடு ஆடும்போது ஒரு யானையை முழுதாக இழந்து நின்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தண்ணீர் குடித்து, பாட்டிலை நிதானமாக மூடிவிட்டு, “பெரிய மாமா, உங்களுக்கு எடைபோடும் நேரமாகிறது. டிராவாக வைத்துக்கொள்வோமா?” என்றாள். பெரியவர்களுக்கு விட்டுக்கொடுக்கிற குரல். தன் கண்ணுக்குப் படாத மேட் ஏதோ இருக்கிறது என்று அண்ணனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கையைக் கொடுத்துவிட்டார்.

“என்ன மேட் வைத்திருந்தாய்?” என்று பிறகு கேட்டார்.

“ஒன்றுமில்லை மாமா, தோற்றுக்கொண்டிருந்தேன்.”

அண்ணன் அதை நம்பத் தயாராக இல்லை. வீட்டில் அதே நிலையை அடுக்கிவைத்து, அந்த மேட்டை இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்.