ஸ்வேட் சோல் வழுக்குது, டான்ஸ் ஷூவ எப்படிப் பாத்துக்குறது?

சால்சா_பிரியை:
வணக்கம். சென்னைல சால்சா கிளாஸ் போறேன், லத்தீன் ஷூ, அடியில ஸ்வேட் சோல் (மெல்லிசா இழை இழையா சொரசொரன்னு இருக்குற தோல்). வாங்கி கொஞ்ச மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள முன்பாதம் அழுந்துற இடம் மட்டும் கருப்பா கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, ஸ்பின் பண்ணா நிக்க மாட்டேங்குது. உள்ள வேற ஈர வாடை. கழுவி வெயில்ல வைக்கலாமா? விலை ஜாஸ்தி, அடிக்கடி வாங்க முடியாதுங்க.

கம்பி_பிரஷ்:
ஐயோ கழுவிடாதீங்க! தண்ணி பட்டா ஸ்வேட் காயறப்போ விறைச்சுடும். அந்தக் கருப்பு வேற ஒண்ணும் இல்ல, தரையில இருக்குற மெழுகும் தூசியும் ஏறி இழையெல்லாம் அமுங்கிப் போயிருக்கு. ஸ்வேட்டுக்குன்னே கம்பி பிரஷ் விக்குது, சோல் நல்லா காஞ்சிருக்கறப்போ ஒரே பக்கமா இழுங்க, சாம்பல் கலர்ல தூளா கொட்டும், அப்புறம் விரல வச்சுப் பாருங்க, பழையபடி சொரசொரன்னு இருக்கும். ஆனா சும்மா சும்மா தேய்க்காதீங்க, சோல் மெலிஞ்சுடும், வழுக்க ஆரம்பிச்சா மட்டும் போதும். பிடிப்பு வரணும்னு சில பேர் சோல்ல விளக்கெண்ணெய் தடவச் சொல்லுவாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, எண்ணெய்ல இன்னும் தூசி ஒட்டும், தரையும் பாழாகும்.

மழைக்கால_லெதர்:
மேல சொன்னது அத்தனையும் சரி. வாடைக்கு காரணம் வியர்வைதான், கிளாஸ் முடிஞ்ச கையோட பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டுனா நம்ம ஊர் புழுக்கத்துல பூசணம் பிடிக்காம என்ன பண்ணும்? வீட்டுக்கு வந்ததும் வெளிய எடுத்து உள்ள நியூஸ்பேப்பர சுருட்டி வச்சு ஃபேன் காத்துல விடுங்க, பேப்பர் ஈரமாச்சுன்னா மாத்துங்க, காஞ்சப்புறம் துணிப்பை. வெயில் வேணவே வேணாம், லெதர் வெடிக்கும், பசை விட்டுரும், பூட்டுன கார்லயும் இதே கதிதான். முக்கியமா, அதோட ரோட்ல நடக்காதீங்க, பாத்ரூம் போறதா இருந்தாலும் செருப்பு மாத்திக்கங்க, ஈரத் தரையில நாலு அடி வச்சா போதும் சோல் போச்சு.

சால்சா_பிரியை:
ரொம்ப நன்றிங்க, பாத்ரூம் விஷயம் யாருமே சொல்லல! ஹீல் நுனியும் ஒரு பக்கம் தேஞ்சிருக்கு, அத விடலாமா?

கம்பி_பிரஷ்:
விடாதீங்க. ஹீல் நுனியில இருக்குற மூடி முழுசா தேஞ்சா உள்ள இருக்குற ஆணி வெளிய வந்து மரத்தரைய கீறும், நடையும் சாயும், கணுக்கால் பிசகும். செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட குடுத்தா மாத்திக் குடுத்துருவாரு. பிரஷ் போட்டும் பிடிப்பு வரலேன்னா சோலையும் பிரிச்சுட்டு புது ஸ்வேட் ஒட்டலாம், மேல்பாகம் நல்லா இருந்தா புது ஷூ தேவையே இல்ல.