செபமாலை மாதிரி நெக்லஸ், சிலுவைக் கம்மல்: எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கணும்?

பாசிமணி கேட்டது:
ஆன்லைனில் பேன்சி நகை விற்கிறேன். இப்போது கல்லூரிப் பெண்கள் அதிகம் கேட்பது மூன்று டிசைன்: செபமாலை போலத் தொங்கும் நீளப் பாசிமாலை, சின்னப் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையப்பட்ட இயேசு உருவம்) வைத்த டாலர், தலைகீழாகத் தொங்கும் சிலுவைக் கம்மல். கேட்பவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் இல்லை, நானும் இல்லை. யார் மனதும் நோகாமல் இதைச் செய்ய முடியுமா? மொத்தக் கடையில் செபமாலையையே டஜன் கணக்கில் வாங்கி நெக்லஸ் என்று போட்டுவிட்டால் வேலை சுலபம். அது சரிவருமா?

கோர்வை:
செபமாலையை அப்படியே நெக்லஸாக விற்காதீங்க. முதல் காரணம் பக்தி. அது செபம் எண்ணுவதற்கான சாதனம். ஐம்பத்து மூன்று சின்ன மணி அருள் நிறைந்த மரியே செபத்துக்கு, ஆறு பெரிய மணி கர்த்தர் கற்பித்த செபத்துக்கு, ஆக 59. நடுவில் மணிகளைக் கோர்க்க மூன்று கண் (சின்ன ஓட்டை) வைத்த மாதா பதக்கம், அதிலிருந்து இறங்கும் வாலில் ஐந்து மணி, நுனியில் பாடுபட்ட சுரூபம். இந்த அமைப்பைப் பார்த்த உடனே ஒரு கத்தோலிக்கருக்குக் கை செபத்துக்குத்தான் போகும். டொமினிக்கன் துறவிகள்கூட அதை இடைக்கச்சையில்தான் தொங்கவிடுகிறார்கள். கழுத்தில் போடுகிற கத்தோலிக்கர்களும் உண்டு, அவர்கள் பக்தியாகப் போடுகிறார்கள். அலங்காரத்துக்கு என்று வரும்போதுதான் பலருக்கு மனசு கேட்பதில்லை.

இரண்டாவது காரணம் வேலைப்பாடு. கழுத்தில் கிடந்து இழுபடுவதற்காக அதைக் கட்டுவதில்லை. கொக்கி கிடையாது, தலை வழியாகத்தான் போடணும். 4 மி.மீ. மணி என்றால் வளையம் தலைக்குள் நுழையவே கஷ்டம். இழுத்து மாட்டினால் பதக்கத்தின் மேல் கண்கள் இரண்டும் முதலில் விரியும், ஏனென்றால் பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. விலை குறைந்த மாலையில் கம்பியை வளைத்து முனையைச் சும்மா ஒட்டவைத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் முடி சிக்கும், துப்பட்டா நூல் சிக்கும்.

நெக்லஸாகவே செய்யுங்க. மணியைப் பத்துப் பத்தாகப் பிரிக்காமல் ஒரே அளவில் கோருங்க. மாதா பதக்கமும் வாலும் வேண்டாம், சிலுவையை நேராக மாலையின் நடுவில் தொங்கவிடுங்க. நீளம் 28 அங்குலம், பின்னால் கொக்கி. கண் ஒவ்வொன்றையும் கம்பியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடியுங்க. தூரத்தில் பார்த்தால் அதே தோற்றம்தான், ஆனால் அது செபமாலை இல்லை.

பட்டறைக்காரர்:
டாலர் விஷயம் நான் சொல்றேன். 2 செ.மீ.க்குக் கீழே பாடுபட்ட சுரூபம் செய்யாதீங்க. மலிவான துத்தநாக வார்ப்பில் அந்த அளவுக்கு முகம் வெறும் பொட்டாகத்தான் விழும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும், தலைக்கு மேலே உள்ள ஐ.என்.ஆர்.ஐ. ('நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசன்' என்பதன் லத்தீன் சுருக்கம்) எழுத்து கீறல் மாதிரி ஆகிவிடும். முலாம் ஏறினால் இன்னும் மழுங்கும். கும்பிடுகிற உருவத்தை அப்படி விற்பதைவிட வெறும் சிலுவை எவ்வளவோ மேல்.

சிலுவையின் மேல் கண் முன்பக்கம் பார்த்து இருந்தால் செயினை அதில் நேராகக் கோர்க்கக் கூடாது, சிலுவை பக்கவாட்டில் திரும்பி நிற்கும். நடுவில் ஒரு வளையம் போட்டு அதில் செயினை விடுங்க. அந்த வளையத்தின் வாயைப் பொடி வைத்து ஊதி (பற்றவைத்து) மூடிவிடணும். டாலர் தொலைந்தது என்று வருகிற புகாரில் பெரும்பாலும் திறந்த வளையம்தான் காரணம்.

நிக்கல் முலாம் வேண்டவே வேண்டாம், வியர்வை பட்டால் சிலருக்குக் கழுத்தில் அரிப்பும் தடிப்பும் வரும். பித்தளை பச்சை பிடிக்கும். 316எல் ஸ்டீல் அல்லது 925 வெள்ளி எடுங்க. வெள்ளி கறுத்தால் துடைத்துக்கொள்ளலாம்.

வடக்குவாசல்:
சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம் அல்லாதது) பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களில் பெரும்பாலோர் போடுவது உருவம் இல்லாத சிலுவை. உயிர்த்தெழுந்தவர் சிலுவையில் இல்லை என்பது அதன் பொருள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகையே போடுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் 'கிறிஸ்டியன் டாலர்' என்று ஒரே தலைப்பில் போடாமல், உருவம் உள்ளது, இல்லாதது என்று பிரித்துக் காட்டுங்க. கிறிஸ்மஸ் பரிசுக்கு வாங்குகிறவர்களுக்கு ரொம்ப உதவும்.

பாசிமணி:
ரொம்ப நன்றி அண்ணே, எல்லோருக்கும்தான். அந்தத் தலைகீழ்க் கம்மல்? அப்புறம் ஒருவர், மந்திரித்த (சாமியார் ஆசீர்வதித்த) செபமாலையை வெட்டிக் கைச்செயினாக மாற்றித் தரச் சொல்கிறார்.

கோர்வை:
தலைகீழ்ச் சிலுவை பேதுருவின் சிலுவை. ஆண்டவரைப் போல நிமிர்ந்து சாகத் தகுதியில்லை என்று அவர் தலைகீழாக அறையப்பட்டார் என்பது பழைய மரபு. உருவம் இல்லாதவரை அதில் குற்றமில்லை. ஆனால் சாத்தான் அடையாளமாக அதைப் போடுகிறவர்களும் இருப்பதால் பார்க்கிறவர்கள் தப்பாகத்தான் எடுப்பார்கள். இயேசுவின் உருவத்தோடு தலைகீழாகத் தொங்கவிட்டால் அது நிந்தனை, செய்யவே கூடாது. கம்மலில் இது தெரியாமலும் நடக்கும்: நீளக் கை எது என்று பார்க்காமல் கொக்கியை அந்த முனையில் மாட்டிவிடுவார்கள். மாட்டும் முன் ஜோடியையும் ஒரே பக்கமாக அடுக்கிவையுங்க.

மந்திரித்த மாலையை வெட்டாதீங்க. 1983 திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் பிரிவு, மந்திரித்த பொருள் தனியார் கையில் இருந்தாலும் பக்தியோடு நடத்தணும், தகாத காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மந்திரித்ததை விற்றால் அதோடு சேர்ந்த பலனும் போய்விடும் என்பது திருச்சபை விதி. அதனால் உங்கள் கடையில் 'மந்திரித்தது' என்று போட்டு எதையும் விற்காதீங்க, வாங்குகிறவர்கள் வாங்கிய பிறகு சாமியாரிடம் கொடுத்து மந்திரித்துக்கொள்ளட்டும். வெட்டித் தரச் சொன்னவருக்குக் கையில் போட ஆசை என்றால் பத்து மணியும் ஒரு சிலுவையும் வைத்த ஒருபத்துச் செபமாலை புதிதாகக் கட்டிக் கொடுங்க. மணிக்கட்டுச் சுற்றளவோடு 2 செ.மீ. கூட்டி எடுத்தால் சரியாக இருக்கும், எலாஸ்டிக் நூல் 0.8 மி.மீ. போதும். பழையது அறுந்துபோயிருந்தால் குப்பையில் போடாமல் மண்ணில் புதைக்கச் சொல்லுங்க.