ஏழாம் வகுப்புக்கு ஒரு வண்டி மண்

குழு: அய்யனார் துணை, மானாமதுரை குடும்பம்

சனிக்கிழமை, மாலை 6:12

நான்: சித்தப்பா, வர்ற வியாழக்கிழமை ஏழாங்கிளாஸ் பிள்ளைகள நம்ம பானைச் சூளைக்குக் கூட்டிட்டு வரலாமா? 31 பேரு. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வண்டி மண்ணும் வேணும். வண்டி வாடகை நான் குடுத்துர்றேன்.

சித்தப்பா: வாத்தா. வாடகையெல்லாம் பேசாத.

சித்தப்பா: வெறுங்களியா கேக்குற? அது வெயில் பட்டா வெடிச்சிரும். கண்மாய் மண்ண ஊறப்போட்டு, ஆத்து மணல் சலிச்சுக் கலந்து, மிதிச்சே குடுத்துர்றேன்.

நான்: மிதிக்க வேணாம் சித்தப்பா. ஊறப்போட்டு மட்டும் வைங்க. மிதிக்கிறது பிள்ளைக வேலை.

மதினி: யூனிபார்ம் துவைக்கிறது யாரு வேலை 😄 என் மகனும் அந்தக் கிளாஸ்தான்

நான்: பழைய டவுசர் சட்டை குடுத்து விடுங்க மதினி. எல்லார் வீட்டுலயும் சொல்லியாச்சு.

பெரியப்பா: பாப்பா, இது யாரு சொல்லி நடக்குது?

நான்: யாரும் சொல்லல பெரியப்பா. கணக்குல சதவீதம் நடத்தணும், அறிவியல்ல வெப்பம் நடத்தணும். ரெண்டுக்கும் நம்ம வீட்டு மண்ணே போதும்னு தோணுச்சு. ஹெச்.எம். சரின்னுட்டாங்க.

பெரியப்பா: எனக்குப் பிடிக்கல.

(பெரியப்பா தட்டச்சு செய்கிறார்... தட்டச்சு செய்கிறார்... ஒரு ஒன்பது நிமிஷம்.)

பெரியப்பா: 1953ல எனக்கு ஏழு வயசு. ராஜாஜி திட்டம் வந்துச்சு. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு மூணு மணி நேரம்தான் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழிலக் கத்துக்கன்னாங்க. நான் சிலேட்ட மாடக்குழியில வச்சிட்டு எங்க அப்பாவோட மண்ணு மிதிக்கப் போனேன். கணக்குப்பிள்ளை மகன் வீட்டுல உக்காந்து கணக்குப் போட்டான். அதுவும் அப்பன் தொழில்தானே! குலக்கல்வின்னு பேரு வச்சவங்க சும்மா வைக்கல. 1954ல காமராஜர் வந்ததும் அத எடுத்தாங்க. எடுக்காம இருந்தா ரயில்வே ஆபீஸ்ல 34 வருஷம் நான் பேனா பிடிச்சிருக்க மாட்டேன். இப்ப எங்க வீட்டுப் பிள்ளையே டீச்சராப் போயி பிள்ளைகளத் திரும்ப மண்ணுக்குக் கூட்டிட்டு வருது.

சித்தப்பா: அண்ணே, மண்ணு அவ்வளவு கேவலமா? 2023ல மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க.

பெரியப்பா: குறியீடு குடுத்தாங்க சரி. உன் மகன ஏன் ஐடிஐக்கு அனுப்புன?

சித்தப்பா: 🙏

பெங்களூர் தம்பி: பெரியப்பா, இது வேற. உலகம் பூரா இப்ப இதத்தான் பேசுறாங்க. லேண்ட் பேஸ்டு லேர்னிங், அதாவது சொந்த மண்ணுல இருந்தே படிக்கிறது. கனடாவுல பூர்வகுடிப் பிள்ளைகள பனியில மீன் பிடிக்க, கண்ணி வைக்கக் கூட்டிட்டுப் போறாங்க. ஊர்ப் பெரியவங்கதான் வாத்தியார். அவங்க மொழியிலயே பாடம். அதுக்கும் மார்க் உண்டு.

பெரியப்பா: ஏன் திடீர்னு அப்படிச் செய்யிறாங்கன்னும் சொல்லு.

பெங்களூர் தம்பி: திடீர்னு இல்ல. நூறு வருஷத்துக்கு மேல பிள்ளைகளப் பெத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு விடுதிப் பள்ளியில அடைச்சாங்க. ஒன்றரை லட்சம் பிள்ளைக இருக்கும். சொந்த மொழி பேசினா அடி. 1990கள் வரைக்கும் அந்தப் பள்ளிக ஓடுச்சு. அத விசாரிச்ச ஆணையம் 2015ல 94 பரிந்துரை குடுத்துச்சு. மொழியையும் மண்ணையும் பிள்ளைகளுக்குத் திருப்பிக் குடுக்கணும்னுதான் இப்ப இந்தப் படிப்பெல்லாம்.

பெரியப்பா: அதான் கேக்குறேன். அங்க பிள்ளைகிட்ட இருந்து மண்ணப் பிடுங்கினான். இங்க பிள்ளைய மண்ணுலயே கட்டிப் போட்டான். ரெண்டுக்கும் ஒரே மருந்தா?

(அஞ்சாறு நிமிஷம் யாரும் பேசவில்லை. தம்பி ஏதோ போட்டுவிட்டு அழித்துவிட்டான்.)

பெரிய அத்தை: 🎤 குரல் பதிவு 2:07

பெரியப்பா: எனக்குக் கேக்கல. யாராச்சும் எழுதுங்க.

மதினி: அத்தை சொல்றாக: “நான் படிச்சது ஆதாரப் பள்ளி. காலையில தக்ளியில நூல் நூக்கணும். பஞ்சு எத்தனை, நூல் எத்தனை முழம், வீணாப் போனது எத்தனைன்னு நோட்டுல எழுதணும். எனக்குக் கழித்தல் வந்ததே அதுலதான். தோட்டம், கூட்டுறது, கக்கூஸ் கழுவுறது எல்லாம் முறை வச்சுத்தான். அக்ரஹாரத்துப் பிள்ளைக்கும் முறை உண்டு, எனக்கும் உண்டு. அண்ணன் சொல்ற மாதிரி சாதி பாத்து ஒண்ணும் குடுக்கல.” அப்புறம், நூத்த நூலெல்லாம் எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலையாம் 😄

நான்: அத்தை சொல்றது காந்தி 1937ல வார்தாவுல ஆரம்பிச்சு வச்ச கல்வி. ஜாகிர் உசேன் குழுதான் பாடத்திட்டம் எழுதுச்சு. அதுலயும் ஒரு கோளாறு இருந்துச்சு, பிள்ளைக செய்யிற பொருள வித்தே பள்ளிச் செலவப் பாத்துக்கலாம்னு ஒரு யோசனை. பிள்ளை உழைச்சுப் பள்ளிக்கூடம் நடக்குறதான்னு அப்பவே கேட்டாங்க. அதனால முன்னாடியே சொல்லிர்றேன், எங்க பிள்ளைக செய்யிற எதையும் விக்க மாட்டோம்.

நான்: பெரியப்பா, உங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்லணும். மத்தவங்களும் படிச்சாப் பரவாயில்ல.

நான்: நான் முன்ன வேலை பாத்த பள்ளிக்கூடத்துல கைவினை நாள்னு ஒண்ணு வச்சாங்க. நம்ம ஆளுக வீட்டுப் பையன் ஒருத்தன மட்டும் மேடைக்குக் கூப்பிட்டு, ‘நீ வேளார் வீடுதானே, செஞ்சு காட்டு’ன்னாங்க. அவன் பிசைஞ்சான். மத்த பிள்ளைக கைதட்டுனாங்க. அடுத்த நாள்ல இருந்து அவனுக்குப் பேரு ‘பானை’. நானும் கைதட்டுனவதான். அத நெனச்சா இப்பவும் கூசுது. அதனாலதான் சித்தப்பாவ மிதிக்க வேணாம்னேன். 31 பேரும் மிதிக்கணும். ஆம்பளப் பிள்ளை, பொம்பளப் பிள்ளை, எல்லாத் தெருவும்.

பெரியப்பா: கணக்கு பீரியடு குறையுமா?

நான்: ஒரு பீரியடு கூடக் குறையாது. சூளையில நடத்துறதே கணக்குதான். கல்வி உரிமைச் சட்டமே 29ஆம் பிரிவுல செய்கை வழியா, தேடிக் கண்டுபிடிச்சுப் படிக்கணும்னு சொல்லுது.

பெரியப்பா: சட்டம் கிடக்கட்டும். நம்ம வீட்டுப் பிள்ளைய முன்னாடி நிறுத்தக் கூடாது. போட்டோவுல ‘பாரம்பரியம்’னு எழுதக் கூடாது. அளவு எடுத்த நோட்ட எனக்கு அனுப்பணும்.

நான்: சரி பெரியப்பா.

பெரியப்பா: நான் வரமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை

சித்தப்பா: மண்ணு ஊறுது. முன்னயெல்லாம் ஒரு வண்டி எடுக்க கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடக்கணும். 2024ல இருந்து தாசில்தாரே அனுமதி குடுக்குறாரு. அந்தக் காகிதத்தையும் பிள்ளைககிட்ட காட்டவா?

நான்: கட்டாயம் காட்டுங்க. கண்மாய் யாருதுன்னு அதுல இருந்தே பேசலாம்.

நான்: சித்தப்பா, ஒரு பையனுக்குக் கால் முடியாது, சக்கர நாற்காலி. மிதிக்க முடியாதே?

சித்தப்பா: கையால பிசையட்டும். கடம் தட்டுறது நம்ம வீட்டுப் பொம்பளைக, உக்காந்துக்கிட்டுத்தான் ஆயிரக்கணக்குல தட்டுறாங்க. கால வச்சா தொழில் நடக்குது? சூளைக்குப் போற பாதைதான் மணலா இருக்கு, நாற்காலி புதையும். பழைய பலகை நாலு போட்டு வைக்கிறேன்.

வியாழக்கிழமை

நான்: 📷 (6 படங்கள்)

மதினி: ஆத்தாடி, என் மகன் முழங்கால் வரைக்கும் 😳

பெங்களூர் தம்பி: நடுவுல இருக்கது ஹெச்.எம்.மா?

நான்: ஆமா. சேலையத் தூக்கிச் சொருகிட்டு இறங்கிட்டாங்க. நாங்களே எதிர்பாக்கல.

நான்: சித்தப்பா எவர்சில்வர் குடத்துலயும் புதுப்பானையிலயும் காலையிலயே தண்ணி ஊத்தி வச்சிருந்தாரு. பதினோரு மணிக்குத் தெர்மாமீட்டர் போட்டோம். குடம் 33, பானை 27. ஏன்னு கேட்டேன். ‘பானை வேர்க்குது டீச்சர், அதான் குளுருது’ன்னு ஒரு பிள்ளை. ஆவியாதலுக்கு நான் அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?

சித்தப்பா: பழைய பானையில ஏன் குளுர மாட்டேங்குதுன்னு இன்னொரு பொண்ணு கேட்டுச்சு. உப்பு ஏறிக் கண்ணு, அதான் பொடித் துளை, அடைச்சிருதுன்னேன். அப்ப பானையில கண்ணு இருக்கான்னு உடைஞ்ச ஓட்ட எடுத்துத் தண்ணியில போட்டுப் பாக்குது. முட்டை முட்டையா காத்து வருது. அது பெரிய ஆளா வரும்.

நான்: கணக்கு இதான் பெரியப்பா. ஆளுக்கு ஒரு மண் பலகை, ஈரமா இருக்கையில சரியா 10 செ.மீ. கோடு. நிழல்ல காயவச்சு அடுத்த வாரம் அதே கோட்ட அளக்கணும். எவ்வளவு சுருங்கியிருக்கு, எத்தனை சதவீதம்னு நோட்டுல எழுதணும். கோட்டுக்குக் கீழ அவங்கவங்க பேரு. கீழடியில ‘ஆதன்’னு ஓட்டுல கீறின படத்தக் காட்டுனேன். இதே ரோட்டுல கொஞ்ச தூரம்தானேன்னு எல்லாரும் போட்டி போட்டுக் கீறுனாங்க.

நான்: ஒரு பிள்ளைக்குக் கண்ணு தெரியாது. பிரெய்ல்ல நல்லாப் படிப்பா. சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒருக்கா வந்து சொல்லிக் குடுக்குறாங்க. புள்ளி மட்டும்தான் அவளுக்கு எழுத்து. பக்கத்துல இருந்தவ பேருக்கு மேல விரல ஓட்டிப் பாத்தா. அந்தப் பேரு ‘தமிழ்’னு தொடங்கும். ‘ழ’ வந்ததும் நின்னுட்டா. மூணு தடவை சுத்தி வந்தா. ‘இவ்வளவு நெளியுமா டீச்சர் இது? நீங்கல்லாம் இத எப்படிப் பிழையில்லாம எழுதுறீங்க?’ன்னா. அப்புறம் அவளாவே ஒரு ‘ழ’ கீறுனா. கொஞ்சம் கோணல்.

பெரிய அத்தை: 😭😭🙏

மதினி: அவ எப்படி அளப்பா?

நான்: நூல்தான் மதினி. 10 செ.மீ. நூலக் கோட்டுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டா. காஞ்சதும் நூல் எவ்வளவு மிஞ்சுதுன்னு தடவிப் பாப்பா. யோசனை அவளோடதுதான்.

(பெரியப்பா எல்லாத்தையும் பார்த்திருக்கிறார். நீல டிக். ஒரு வார்த்தை இல்லை.)

அடுத்த புதன்கிழமை

நான்: பெரியப்பா, நோட்டுப் படம் அனுப்பிருக்கேன். பெரும்பாலும் 9.2ல இருந்து 9.4 வரைக்கும் வந்திருக்கு. மூணு பேருக்கு 9.0. அவங்க வழுவழுன்னு வரணும்னு தண்ணி கூட ஊத்திருக்காங்க, அதான் கூடச் சுருங்கிருக்குன்னு வகுப்பே கண்டுபிடிச்சிருச்சு.

பெரியப்பா: நாலாவது நோட்டு யாரோடது?

நான்: ஏன் பெரியப்பா?

பெரியப்பா: 0.7ஐ 9.3ஆல வகுத்திருக்கான். ஏழரைன்னு எழுதி வச்சிருக்கான். முதல்ல இருந்த 10ஆலதான் வகுக்கணும். 7 சதவீதம். நீயும் சிவப்பு மையில சரின்னு போட்டிருக்க.

நான்: 🙈

மதினி: அது என் மகன் நோட்டு மாமா

பெரியப்பா: ஞாயித்துக்கிழமை அவன வீட்டுக்கு அனுப்பி வை. பலகையையும் கொண்டு வரச் சொல்லு. சுட்டா இன்னும் சுருங்கும், அதுக்கும் சேத்துக் கணக்கு போடணும்.

சித்தப்பா: பலகையக் கொண்டு போகக் கூடாது அண்ணே, வெள்ளிக்கிழமை சூளை வைக்கிறேன். மொத்தம் 30தான் வந்திருக்கு. ஒண்ணு குறையுது.

நான்: ‘ழ’ கீறின பிள்ளை பையில வச்சுக் கொண்டு போயிட்டா சித்தப்பா. அவங்க அம்மாகிட்ட காட்டணுமாம். நாளைக்குக் காலையில வாங்கித் தாரேன்.

சித்தப்பா: துணியில சுத்திக் கொண்டா. பச்சப் பலகை, பஸ்ஸுல இடிச்சா நொறுங்கிரும்.